கிசோ பள்ளத்தாக்குக்குக் கார் எதற்கு?

தண்டவாளப்பித்தன்:
ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்குக்கு நெடுஞ்சாலை நேசன் நேற்று இங்கே போட்ட இலையுதிர்காலப் பயணத் திட்டத்தைப் படித்தேன். மத்சுமோட்டோவில் வாடகைக் கார் எடுத்து, நராய், சுமாகோ, மகோமே, தகாயாமா, ஷிரகாவாகோ என்று ஊர் ஊராகப் போய், கனசாவாவில் காரை ஒப்படைக்கிறாராம். போகட்டும். அவர் பணம், அவர் பெட்ரோல். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ரயிலில் போகிறவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்."

சரி, கடிகாரம் பார்க்கிறவன் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறேன். அதே திட்டத்தில் இன்னொரு இடம்: "மகோமேயில் காரை நிறுத்திவிட்டு, பழைய மலைப்பாதையில் எட்டு கிலோமீட்டர் நிதானமாக நடந்து சுமாகோ. இரவு அங்கே தங்கல். காலையில் அப்படியே தகாயாமாவுக்குக் கிளம்பலாம்."

எதில் கிளம்புவார்? கார் மகோமேயில் அல்லவா நிற்கிறது?

நெடுஞ்சாலை நேசன்:
பித்தன் சார், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்களுக்குப் புதிதா என்ன? ஷிகோகு பற்றி எழுதியபோதும் ஒரு பஸ் நேரத்தை வைத்துக்கொண்டு என் உயிரை எடுத்தீர்கள். சுமாகோவிலிருந்து மகோமேக்கு பஸ் இருக்கிறது. காலையில் ஏறிப் போய்க் காரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

நான் சொல்ல வந்தது வேறு. அக்டோபர் கடைசியில் கைதா மேட்டுநிலத்துக்குப் போனால் லார்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்கும், பின்னால் ஓன்தாகே மலை. அங்கே எந்த ரயில் போகிறது? அதேரா ஓடையின் பச்சைத் தண்ணீரைப் பார்க்க எந்த எக்ஸ்பிரஸ் நிற்கிறது? வழியில் ஒரு மிச்சி-நோ-எக்கியில், அதாவது சாலையோர ஓய்விடத்தில், நிறுத்தி, ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த ஆப்பிளும் காளானும் வாங்கி, வெயில் விழும் பக்கமாக உட்கார்ந்து சாப்பிடலாம். இதைத்தான் நிதானம் என்கிறேன்.

தண்டவாளப்பித்தன்:
ஆப்பிள் எல்லாம் சரி. கார் எங்கே?

பஸ் இருக்கிறதாம். அந்த பஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று பார்த்தீர்களா? விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, காரில் போனால் கடிகாரம் பார்க்க வேண்டாம் என்றவர், காரை எடுப்பதற்காகவே காலையில் பஸ் நிறுத்தத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள். எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, வரும் நகசெண்டோ என்ற பழைய நெடும்பாதையில் சுமாகோ 42-ஆவது தங்குநிலை, மகோமே 43-ஆவது. வடக்கிலிருந்து காரில் வருகிற இவர் சுமாகோவைத் தாண்டித் தெற்கே மகோமேக்குப் போகிறார். அங்கே காரை விட்டுவிட்டு வடக்கே நடக்கிறார். மறுநாள் பஸ்ஸில் மறுபடி தெற்கே. அப்புறம் காரை எடுத்துக்கொண்டு தகாயாமாவுக்கு மறுபடி வடக்கே. கோயிலைச் சுற்றினாலாவது புண்ணியம் உண்டு.

நெடுஞ்சாலை நேசன்:
மகோமேயிலிருந்து நடந்தால் ஏற்றம் குறைவு, அதனால்தான் அந்தத் திசை. மகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் 800-ஐத் தொடும், சுமாகோ 420. முதலில் கொஞ்சம் ஏறிவிட்டால் பிறகு இறக்கம்தான். நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பஸ் பிடிக்கவில்லையா, இன்னொரு வழி இருக்கிறது. கணவாய் வழியாகவே தார்ச்சாலை போகிறது, நடைபாதை அதைப் பல இடங்களில் குறுக்கே வெட்டும். நான் நடப்பேன், என் மனைவி காரை ஓட்டிக்கொண்டு சுமாகோ வந்துவிடுவார். முடிந்தது கதை.

கோமதி:
நேசன் அண்ணா, ஒரு நிமிஷம். அண்ணி நடக்க மாட்டார்களா?

நெடுஞ்சாலை நேசன்:
அவருக்கு முழங்கால் வலி. அதுவா இங்கே பேச்சு?

கோமதி:
அதே திட்டத்தில் ஷிரகாவாகோவில் மேட்டிலிருக்கும் காட்சிமேடைக்கு இருவரும் ஏறுவதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அங்கே முழங்கால் சரியாகிவிடுமா? பாதையில் ஆண் அருவி, பெண் அருவி என்று இரண்டு அருவிகள் இருக்கின்றன, கணவாயைத் தாண்டினால் பழைய தேநீர் வீடு, அங்கே வருகிறவர்களுக்கு இலவசமாகத் தேநீர் தருகிறார்கள். கரடிக்குச் சத்தம் கொடுக்க வழிநெடுக மணி தொங்குகிறது. அதையெல்லாம் நீங்கள் பார்ப்பீர்கள், அண்ணி ஸ்டியரிங்கைப் பார்க்க வேண்டும். நல்ல நிதானம்.

தண்டவாளப்பித்தன்:
கோமதி கேட்டது நியாயம். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. திட்டத்தில் மனைவி ஓட்டுவார் என்று இல்லை. "காரை நிறுத்திவிட்டு" என்றுதான் இருக்கிறது. நிறுத்திய கார் எப்படி வரும்?

நகோயாவாசி:
இந்தப் பக்கத்திலேயே குடியிருக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இருவரும் மகோமே மகோமே என்று அடித்துக்கொள்கிறீர்கள். அந்த ஊர் 1895-லும் 1915-லும் தீயில் எரிந்துபோனது. இப்போது இருப்பது பிறகு கட்டியது. பழையதைப் பார்க்க வேண்டுமானால் சுமாகோ. "விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம்" என்று ஊரே கூடி முடிவெடுத்து, 1976-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. பகலில் அதன் பிரதான தெருவில் கார் நுழைய முடியாது. இது தெரியாமல் கார் கார் என்று எழுதினால் என்ன சொல்வது?

தண்டவாளப்பித்தன்:
ஆகா! சுமாகோ தெருவில் கார் நுழையவே முடியாது. இதை எல்லாரும் கவனித்தீர்களா?

நெடுஞ்சாலை நேசன்:
தெருவுக்குள் ஓட்டப் போவதாக யார் சொன்னது? ஊருக்கு வெளியே கட்டண நிறுத்தம் இருக்கிறது. அப்புறம் நகோயாவாசி அவர்களே, மகோமே நாகானோ மாகாணத்து ஊர். அதன் கல் பாவிய சரிவுத் தெருவும் தண்ணீர்ச் சக்கரமும் நாகானோவின் அடையாளமாகவே ஆகிவிட்டவை. எரிந்தது, கட்டியது என்று ஒரே போடாகத் தள்ள வேண்டாம்.

நகோயாவாசி:
மகோமே கிஃபு மாகாணம். 2005 பிப்ரவரியில் நகாத்சுகாவாவோடு சேர்ந்தது. மாகாண எல்லையைத் தாண்டிய இணைப்பு என்பதால் அப்போது பெரிய பேச்சாக இருந்தது. இருபது வருஷம் பழைய தகவலோடு வழிகாட்டிக் கட்டுரை எழுதுகிறீர்கள்.

நெடுஞ்சாலை நேசன்:
மலை மாறவில்லையே? கிசோ என்றால் நாகானோ. காகிதத்தில் கோடு நகர்ந்தால் ஊர் நகர்ந்துவிடுமா?

தண்டவாளப்பித்தன்:
ஊர் நகராது. காரும் நகராது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட் சிவா:
நேசன் அண்ணை, கார்த் திட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் "சர்வதேச லைசென்ஸ் இருந்தால் போதும்" என்று பொதுவாக எழுதியிருக்கிறீங்கள். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி தருகிற அனுமதியை மட்டும்தான் ஜப்பான் ஏற்கும். ஜெர்மனி தாறது அது இல்லை. என்னைப் போல ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் லைசென்ஸ் வைத்திருக்கிற ஆக்கள் அதை ஜப்பானிய மொழியில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு, அசல் லைசென்சோடு சேர்த்துக் காட்ட வேணும். இங்கே கனபேர் உங்கட வரியை நம்பிப் போய் வாடகைக் கவுண்டரில் நிற்கப் போகினம்.

நெடுஞ்சாலை நேசன்:
சிவா, நான் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு எழுதினேன். நம் ஆர்டிஓ தருவது 1949 வகைதான், அது செல்லும். உலகத்திலுள்ள எல்லா நாட்டு லைசென்சையும் நான் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

ஸ்டுட்கார்ட் சிவா:
அப்ப "இந்தியர்களுக்கு" என்று போடுங்கோவன். நாங்களும் தமிழில்தான் வாசிக்கிறம்.

கோமதி:
சரியாகக் கேட்டீர்கள் சிவா.

தண்டவாளப்பித்தன்:
பார்த்தீர்களா, லைசென்ஸ் ஒரு தலைவலி, நிறுத்தம் ஒரு தலைவலி. வேறு ஊரில் காரை ஒப்படைத்தால் அதற்குத் தனிக் கட்டணம். இதில் தகாயாமா வேறு. சன்மாச்சி தெருவில் சாக்கே என்ற அரிசி மது வடிப்பவர்களின் வாசலில் தேவதாரு இலைப் பந்து தொங்கும். இலையுதிர்காலத்துக்கு என்றே ஹியாஓரோஷி என்ற சாக்கே வரும். கார் ஓட்டுகிறவர் அதை மோந்து பார்க்கலாம். அங்கே மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் என்றாலே மாட்டிக்கொள்வீர்கள். ஊற்றிக் கொடுத்தவருக்கும், குடித்திருக்கிறார் என்று தெரிந்தே காரில் ஏறியவருக்கும்கூடத் தண்டனை உண்டு.

ரயில்காரன் திட்டம் கேளுங்கள். நகோயாவிலிருந்து ஷினானோ எக்ஸ்பிரஸ், ஐம்பது நிமிடத்தில் நகாத்சுகாவா. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் மகோமே. காலையிலேயே தகவல் மையத்தில் பெட்டியைக் கொடுத்தால் அவர்களே சுமாகோவில் சேர்த்துவிடுவார்கள், நவம்பர் வரை இந்த ஏற்பாடு உண்டு. கையை வீசிக்கொண்டு நடங்கள். சுமாகோவில் தூங்குங்கள். காலையில் நாகிசோ ஸ்டேஷனுக்கு பஸ், இல்லாவிட்டால் ஒரு மணி நேர நடை. ரயிலில் நராய். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தெரு, இரண்டு பக்கமும் கருத்த மரவீடுகள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஊர் தொடங்கிவிடும். எங்கேயும் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. திரும்பிப் போய் எடுக்கவும் ஒன்றும் இல்லை.

நெடுஞ்சாலை நேசன்:
ஆகா, பிரமாதம். நராயில் எக்ஸ்பிரஸ் நிற்காது, லோக்கல்தான் என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அதை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்றும் சொல்லுங்கள். அப்புறம் தகாயாமாவுக்கு எப்படிப் போவீர்கள்? நான் கெரோ வழியாக, வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டு இரண்டரை மணி நேரத்தில் போய்விடுவேன்.

தண்டவாளப்பித்தன்:
தாஜிமியில் இறங்கி, தைதா லைனில் மினோஓதா, அங்கிருந்து ஹிதா எக்ஸ்பிரஸ். ஹிதா நதியை ஒட்டிப் போகும் அந்த ரயிலின் ஜன்னலில் தெரியும் இலைகளை ஸ்டியரிங் பிடித்தவர் பார்க்கவே முடியாது.

நெடுஞ்சாலை நேசன்:
இரண்டு இடத்தில் மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கி, கிட்டத்தட்ட அரை நாள்! இதுதான் நிதானமா? ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 ஆனபோது இங்கே ஒப்பாரி வைத்தது யார் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

தண்டவாளப்பித்தன்:
ஒப்பாரி வைத்தேன், ஆமாம். அது நியாயமான ஒப்பாரி. இந்தப் பயணத்துக்கு பாஸ் எதற்கு? தனித்தனி டிக்கெட்டே மலிவு. பேச்சை மாற்ற வேண்டாம். இதுவரை மூன்று பதில் வந்திருக்கிறது: பஸ், மனைவி, கட்டண நிறுத்தம். மூன்றில் எது?

நெடுஞ்சாலை நேசன்:
எது வேண்டுமானாலும்! மனிதன் எழுதிய திட்டத்தில் ஒரு வசதி விட்டுப்போனால் உலகம் அழிந்துவிடாது.

நகோயாவாசி:
இரண்டு பேருமே மறந்த ஒன்று இருக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் மலை மறைத்து இன்னும் சீக்கிரமே இருட்டும். 3-ஆம் தேதி அரசு விடுமுறை வேறு, ஊரே ரோட்டில்தான் இருக்கும். மதியத்துக்கு மேல் நடக்கக் கிளம்பினால் காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

புதியவன்:
வணக்கம். நான் ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவோடு போகலாம் என்று இருக்கிறோம், சைவம். அந்த ஊர்களில் சாப்பிட என்ன கிடைக்கும்?

நெடுஞ்சாலை நேசன்:
கவலையே வேண்டாம் தம்பி. சோபா நூடுல்ஸ் இருக்கிறது. நாகானோ பக்கம் சோபாவுக்குப் பேர்போனது.

கோமதி:
அண்ணா, சோபாவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் காய்ந்த மீன் போடுவார்கள். அம்மாவுக்கு அதைக் கொடுக்கச் சொல்கிறீர்களா? தம்பி, கோஹெய் மொச்சி சாப்பிடுங்கள். சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, மிசோ என்ற சோயா விழுதும் அக்ரூட்டும் அரைத்துத் தடவிச் சுடுவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நகோயாவாசி:
செப்டம்பர் முதல் குரி கின்டொன் என்ற இனிப்பு வரும். கஷ்கொட்டையும் சர்க்கரையும் மட்டும்தான், மீன் இல்லை. நகாத்சுகாவாதான் அதன் பிறந்த ஊர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கிஃபு மாகாணம், நேசன் சார்.

தண்டவாளப்பித்தன்:
நகாத்சுகாவா ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே கிடைக்கும், புதியவன். அம்மாவை ரயிலில் கூட்டிப் போங்கள்.

நெடுஞ்சாலை நேசன்:
வயதான அம்மாவை நகாத்சுகாவா ஸ்டேஷனில் பெட்டியோடு இறக்கி, பஸ்ஸுக்கு நிற்கவைத்து, மலையேற்றப் போகிறீர்களா? தம்பி, எனக்குத் தனியாக எழுதுங்கள், கார் வழியை விவரமாக அனுப்புகிறேன். இங்கே பேசி ஆகாது.

தண்டவாளப்பித்தன்:
தனியாக எதற்கு? இங்கேயே போடுங்கள், எல்லாரும் படிக்கிறோம். நிறுத்தும் இடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

புதியவன்:
அம்மாவுக்கு 58 வயதுதான் சார், நன்றாகவே நடப்பார்கள். எங்கள் இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது.

நெடுஞ்சாலை நேசன்:
கற்றுக்கொள்ளலாமே, இலையுதிர்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.