"சுதந்திரம் கொடு, இல்லையேல் சாவைக் கொடு": ஹென்றி பேசியதா, விர்ட் எழுதியதா?

ஏட்டுச்சுரைக்காய்:
1775 மார்ச் 23, ரிச்மண்ட், செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பேட்ரிக் ஹென்றி முழங்கினார், அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியா படை திரட்டத் தீர்மானித்தது. அதுவரை சரி. ஆனால் அமெரிக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் உரையை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1799-இல் ஹென்றியும் போய்விட்டார். வக்கீல் வில்லியம் விர்ட் 1817-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோதுதான் உரை அச்சேறியது. 42 வருஷம் கழித்து வந்ததை எப்படி நம்புவது?

கோடைஇடி:
விர்ட் ஒன்றும் கதை கட்டவில்லை. அன்று நேரில் கேட்ட செயின்ட் ஜார்ஜ் டக்கர் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பைச் சிலிர்க்க வைத்த பேச்சு அவ்வளவு லேசில் மறக்காது.

ஏட்டுச்சுரைக்காய்:
அப்படியானால் ஜேம்ஸ் பார்க்கர் கடிதத்தை என்ன செய்வீர்கள்? வர்ஜீனியாவின் நார்போக் ஊர் வியாபாரி, பிரிட்டிஷ் அரசர் கட்சி. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 6 அன்று எழுதுகிறார்: அரசரைக் கொடுங்கோலன், முட்டாள், மந்திரிகள் ஆட்டும் பொம்மை என்று ஹென்றி திட்டினாராம். விர்ட் தரும் உரையில் இந்த வசவு எங்கே? சலவை செய்து இஸ்திரி போட்ட ஹென்றிதான் நமக்குக் கிடைத்திருக்கிறார்.

கோடைஇடி:
பார்க்கர் எதிரி. எதிரி கடிதத்தில் காரம் கூடத்தான் இருக்கும்.

கடைசிபெஞ்சு:
அடிமைத்தனத்தைவிடச் சாவு மேல் என்றவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். அதை யாருமே பேசக் காணோமே?

கோடைஇடி:
நியாயமான கேள்வி, தனித் திரி போடுங்கள், வருகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
விர்ட் மட்டுமா? முன்னாள் அமெரிக்க அதிபர்கள் ஜான் ஆடம்ஸும் ஜெபர்சனும் 1826 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள். ஆகஸ்ட் 2-இல் பாஸ்டன் ஃபேனுயில் ஹாலில் பேர்போன மேடைப் பேச்சாளர், அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் இரங்கல் உரை. 1776-இல் விடுதலைப் பிரகடனத்தை ஆதரித்து ஆடம்ஸ் பேசியதாக ஒரு முழு உரையையே நடுவில் சொந்தமாகக் கட்டிச் சேர்த்தார். மூடிய கதவுக்குள் நடந்த காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை), பேச்சுப் பதிவே கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் ஆடம்ஸ் பேச்சென்றே ஒப்பித்தார்கள். பின்னாளில் கேட்டவர்களிடம் தானே எழுதியது என்று வெப்ஸ்டரே சொல்லிவிட்டார்.

கோடைஇடி:
சொன்னாரே, மறைக்கவில்லையே! செத்தவர் வாயில் பேச்சை வைப்பது கிரேக்கர் காலத்திலிருந்தே மேடை மரபு, கேட்டவர்களில் படித்தவர்களுக்கு அது தெரியும். பதிவுதான் வேண்டுமென்றால் 1830-க்கு வாருங்கள். அமெரிக்க மேலவையான செனட்டில் சக உறுப்பினர் ஹேனுக்கு வெப்ஸ்டர் கொடுத்த பதிலை பத்திரிகையாசிரியர் ஜோசப் கேல்ஸ் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுத்தார்.

ஏட்டுச்சுரைக்காய்:
எடுத்தார். அதை வெப்ஸ்டர் வாங்கித் திருத்தி மெருகேற்றிய பிறகுதான் அச்சுக்குப் போனது.