ஆழச் சுரங்கத்தால் ஊர்க் கிணறு வற்றுமா? ஜோகன்னஸ்பர்க் தங்கத்தை முன்வைத்து

கேணிக்கரை:
திறந்தவெளிச் சுரங்கம்தான் நிலத்தை விழுங்கும், ஆழச் சுரங்கத்தால் மேலே இருக்கிற ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே தங்கம் இருக்கும் பாறைக்கு மேல் டோலமைட் படுகை, அதாவது நீரில் மெல்லக் கரையும் சுண்ணாம்பு வகைப் பாறை. உள்ளே பொந்தும் குகையுமாக, அத்தனையிலும் தண்ணீர். அது சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்ததால், அரசு அனுமதியோடு டோலமைட் நீரை இறைத்தே காலி செய்தார்கள். ஊற்றுகள் நின்றன, விவசாயிகளின் கிணறுகள் வற்றின. பொந்துகளில் நீர் போனதும் மேல்மண் சரிந்து நிலம் உள்வாங்கத் தொடங்கியது. 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரீஃபான்டெயின் சுரங்கத்தில் கல் நொறுக்கும் ஆலைக் கட்டடம் அப்படியே குழிக்குள் போனது. 29 பேர் இறந்தார்கள்.

பாறைமணி:
சம்பவத்தை மறுக்கவில்லை. ஆனால் அது டோலமைட்டின் குணம். கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். அங்கே டோலமைட் கிடையாது, கெட்டியான பாறை. அதனால் இந்த மாதிரிப் பள்ளங்களும் கிடையாது. எல்லாச் சுரங்கத்தையும் ஒரே தராசில் போடாதீர்கள். இறைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1968 அக்டோபரில் நீங்கள் சொன்ன அதே வெஸ்ட் டிரீஃபான்டெயின் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு வந்தது, இறைக்கப்படாத பக்கத்து டோலமைட் பகுதியிலிருந்து. உள்ளே இருந்த தொழிலாளர்கள் உயிரோடு வெளியே வந்ததே பெரிய விஷயம்.

கேணிக்கரை:
சரி, தொழிலாளி உயிருக்காக இறைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இறைப்பதை நிறுத்திய பிறகு நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கப் பகுதியை ராண்ட் என்பார்கள். அதன் மேற்குப் பக்கமான மேற்கு ராண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன, மோட்டார்கள் நின்றன, நீர்மட்டம் மெல்ல ஏறியது. 2002-ல் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் பழைய சுரங்க வாய்கள் வழியாக வெளியே வழிந்தது. வந்தது அமில நீர். பாறையில் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் இரும்பையும் மாங்கனீசையும் யுரேனியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். முதலில் நீரே இல்லாமல் செய்தீர்கள், அப்புறம் குடிக்க முடியாத நீரைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

பாறைமணி:
'செய்தீர்கள்' என்று என்னைச் சொல்லாதீர்கள் ஐயா, நான் ராண்டில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை! அது பொறுப்பில்லாமல் மூடியதன் விளைவு. நூறு வருஷமாகப் பல கம்பெனிகள் தோண்டின, அவற்றின் சுரங்கங்கள் அடியில் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போக, கடைசியில் நிற்பவன் தலையில் மொத்த இறைப்பும் விழுந்தது. ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பாருங்கள். 2018-ல் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். மூடிய பிறகும் இறைப்பதற்கென்றே 2007-லேயே அறக்கட்டளை அமைத்துவிட்டார்கள்.

ஏரிப்பாசனம்:
இடையில் வருகிறேன். ரூர் உதாரணம் உங்களுக்குச் சாதகமாக இல்லையே சார். அங்கே நிலம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது, இறைப்பதை நிறுத்தினால் ஊர்கள் நீருக்குள் போய்விடும். அந்தச் செலவுக்கு முடிவுத் தேதியே கிடையாது. ராண்டிலும் 2012-லிருந்து சுண்ணாம்பு கலந்து சுத்திகரிக்கிறார்கள். அமிலம் தணியும், உலோகங்கள் படியும். சல்ஃபேட் உப்பு மட்டும் பெருமளவு கரைந்தபடியே ஆற்றுக்குப் போகிறது.

பாறைமணி:
அப்படியென்றால் உரிமம் கொடுக்கும்போதே மூடும் செலவுக்கான முழுப் பணத்தையும் வாங்கி வையுங்கள். எனக்கு அதில் மறுப்பே இல்லை. சுரங்கமே கூடாது என்பதைத்தான் ஏற்க மாட்டேன். நாம் இதைத் தட்டச்சு செய்கிற கைபேசிக்குச் செம்பு எங்கிருந்து வருகிறது?

கேணிக்கரை:
சுரங்கமே கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? முடிவில்லாமல் இறைக்கிற செலவை முதல் நாளே கட்டிவிட்டு எந்தச் சுரங்கம் லாபத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கிணறு வற்றியவனுக்கான நஷ்டஈட்டையும் அதில் சேருங்கள்.