ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, என்ன கொடுக்கலாம்?

கேள்வி (உசிலம்பட்டி பக்கம்): அக்கா மகளுக்கு எடை ஏறவே இல்லை. அக்காவும் மாமாவும் களையெடுக்கப் போய்விடுகிறார்கள், அப்பத்தா டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்துப் பசியை அடக்கிவிடுகிறார். அங்கன்வாடி சத்துமாவு வீட்டில் எல்லோருக்கும் கஞ்சியாகிவிடுகிறது.

பதில்: முதலில் டீயை நிறுத்துங்கள், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அங்கன்வாடியில் மேல்கைச் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம்.

பதில்: குழைந்த சோற்றில் பருப்பு, முருங்கைக்கீரை, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள், வயிறு சின்னது, அதனால் நாலைந்து வேளையாக. அப்பத்தாவைத் திட்டாதீர்கள், அவரையே அங்கன்வாடிக்குக் கூட்டிப் போங்கள்.

பதில்: பெரியவர்கள் சத்துமாவைக் குடிப்பது கூலி வேலை இல்லாத வாரங்களில்தானா, அதையும் பாருங்கள். 2022இல் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது, ஆனால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. இவளுக்கு அங்கன்வாடி சத்துமாவுப் பாக்கெட்தான், தனி டப்பாவில் எடுத்து வையுங்கள்.