எக்ஸ்ரே ரூமில் மறக்க முடியாத ஒரு நிமிடம்: ரேடியோகிராபி படித்தவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை

பி.எஸ்சி ரேடியோகிராபி மூன்று வருடம் முடித்துவிட்டு இப்போது ஒரு வருட இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். இது இரண்டாம் வருடத்தில் நடந்தது. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

லம்பார் ஸ்பைன், அதாவது கீழ்முதுகு எலும்பு; ஏபி, லேட்டரல், முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சீட்டில் முதுகுவலி என்று மட்டும் இருந்தது. பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், காலில் மெட்டி புதுசு. கூட மாமியார். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டேன். பதில் சொன்னது மாமியார். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கா, நீ எடும்மா." நானும் சீட்டில் டிக் போட்டுவிட்டேன்.

டேபிளில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கதிர் எங்கே விழும் என்று காட்டும் காலிமேட்டர் லைட்டைப் போட்டேன். வெளிச்சம் வயிற்றின் மேல் சதுரமாக விழுந்தது. அவள் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கன்சோலுக்குத் திரும்பும்போது மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

சாரிடம் போய் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் உடனே நிறுத்திவிட்டார். அது சரிதான். ஆனால் அடுத்து கதவைத் திறந்து வராண்டாவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: "ஏம்மா, உங்க மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்காம்ல, முதல்ல யூரின் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க." பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். டேபிளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவள் சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவர்கள் திரும்ப வரவே இல்லை. ஏன் சொல்ல வேண்டாம் என்றாள் என்பதும் எனக்குத் தெரியாது.


டார்க்ரூம்_காலம்

தங்கச்சி, உங்கள் சார் செய்ததில் தப்பு இல்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் கேஸ் பார்க்கும் இடத்தில் தனியாக அழைத்துப் பேச நேரம் ஏது? எக்ஸ்போஷர், அதாவது கதிர், போகாமல் தடுத்தார், அதுதான் முக்கியம்.

நான் டிஆர்டிடி, டிப்ளமோதான். 1996-இல் முடித்தேன். என் கதை சின்னது. வலதா இடதா என்று காட்டும் ஈய எழுத்தை, அதாவது மார்க்கரை, பிலிம் வைக்கும் கேசட்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டும் காலம் அது. ஒரு ராத்திரி ஆர் எழுத்து எங்கோ விழுந்து கிடந்தது. தேடச் சோம்பல்பட்டு, பிலிம் காய்ந்ததும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். வலது ஒன்று, இடது ஒன்று என்று இரண்டு முழங்கை கேஸ் அடுத்தடுத்து வந்திருந்தது. டெவலப்பரில் முக்கி, அலசி, பிக்ஸரில் போட்டுவிட்டு, சிவப்பு விளக்கில் இரண்டு ஹேங்கரையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எது யாருடையது என்று தெரியவில்லை. இரண்டுமே சின்னப் பிள்ளைகள். இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு, வலியில் அழுதுகொண்டிருந்த அந்தக் கைகளை மறுபடி நீட்ட வைத்தேன். இன்றைக்கும் மார்க்கர் வைக்காமல் என் கை சுவிட்சுக்குப் போகாது.

அதனால் இப்போது படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்கிறேன். மார்க்கரைக் கதிர் போகும்போதே வையுங்கள். கம்ப்யூட்டரில் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பது என் பேனா மாதிரிதான். நாம் வாங்கும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சளவில் குத்துங்கள். ஏப்ரனிலேயே குத்தி எக்ஸ்ரே ரூமில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்துச் சொல்வது உங்கள் உடம்பு வாங்கிய கணக்கு, சுவர் வாங்கிய கணக்கு இல்லை. இந்தியாவில் நமக்கு உள்ள வரம்பு ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள் அதன் பக்கத்திலேயே போவதில்லை. வார்டுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்ப் போர்ட்டபிள் எடுக்கும்போது குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் நாலில் ஒரு பங்கு. பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் வீட்டு ஆளுக்கு ஏப்ரன் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், தினம் தினம் நீங்கள் பிடிக்காதீர்கள். கர்ப்பம் தெரியாமல் எடுத்துவிட்டாலும் பதறி யாரையும் பயமுறுத்தாதீர்கள். கரு வாங்கிய அளவு 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் அதைக் காரணம் காட்டிக் கலைக்கக் கூடாது என்று சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு அமைப்பான ஐசிஆர்பி சொல்கிறது. ஒரு லம்பார் எக்ஸ்ரே அதில் ஒரு சின்னப் பங்குதான் வரும். அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு எடுத்தால் பிறப்புறுப்பை மறைக்கக் கட்டாயம் ஈயத் துண்டு வையுங்கள். மறக்கவே கூடாது.


வைகைக்கரை

அண்ணா, டோஸ் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதித்தான் வந்தேன். நான் எழுதியது அதைப் பற்றி இல்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், "சொல்லிடாதீங்க" என்று. கேள்வியை மாமியார் முன்னால் கேட்டதும் நான்தான். அங்கேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. சாருக்கு நேரமில்லை, சரி. எனக்கு இருந்ததே.


வன்னிப்பிள்ளை

நான் பேராதனையில் றேடியோகிராபி செய்தேன், நான்கு வருடம். விரிவுரை எல்லாம் ஆங்கிலம், நோயாளர்கள் பெரும்பாலும் சிங்களம். நான் வவுனியா. கடைக்குப் போக, பஸ்சில் ஏறப் போதுமான சிங்களம்தான் அப்போது என்னிடம் இருந்தது.

முதல் கிளினிக்கலுக்கு முன்னம் சிநேகிதி ஒருத்தி மூன்று வசனம் தமிழில் எழுதித் தந்தாள். ஹுஸ்ம கன்ன, மூச்சை எடுங்கோ. ஹுஸ்ம அல்லாகென இன்ன, பிடிச்சுக்கொண்டு இருங்கோ. ஹுஸ்ம பிட்ட கரன்ன, விடுங்கோ. பஸ்சில் முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

எழுபது வயது தாண்டிய ஒரு சீயா, சிங்களத் தாத்தா, வந்தார். நெஞ்சு எக்ஸ்ரே, பிஏ, முதுகுப் பக்கமிருந்து எடுப்பது. தாடையைத் தூக்கி வைத்து, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னுக்குத் தள்ளி நிற்பாட்டினேன். அந்த ஆள் நான் காட்டினபடியே அசையாமல் நின்றார். எடுங்கோ என்றேன், எடுத்தார். பிடியுங்கோ என்றேன், பிடித்தார். படம் எடுத்தாயிற்று. மூன்றாவது வசனம் வாயில் வரவேயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முதுகு நடுங்குகிறது, மூச்சை விடவில்லை. நான் ஓடிப்போய் முதுகைத் தொட்டு, நானே ஊதிக் காட்டினேன். அப்போதுதான் விட்டார். விட்டுவிட்டு நெடுநேரம் இருமினார்.

பிறகு என்னிடம் கேட்டது, படம் நன்றாக வந்ததா என்று. பத்து விலா எலும்பும் எண்ணக்கூடிய மாதிரி வந்திருந்தது. ஓம் என்று தலையாட்டினேன்.


லீட்ஸ்_மழை

டார்க்ரூம் அண்ணா, மார்க்கர் விஷயத்தில் நூறு சதவீதம் உங்களோடு. ஈயத் துண்டு விஷயத்தில் இல்லை. என் கதையே அதுதான்.

நான் இங்கிலாந்தில் டயக்னாஸ்டிக் ரேடியோகிராபி மூன்றாம் ஆண்டு. ஆறு வயதுப் பையன், காலை இழுத்து இழுத்து நடக்கிறான், இடுப்பு மூட்டு எலும்பைப் பாதிக்கும் பெர்த்தீஸ் நோயாக இருக்குமோ என்று இடுப்பு எக்ஸ்ரேக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா தமிழ். என் பேட்ஜில் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. டேபிளில் பையனைப் படுக்க வைத்ததும், "கீழ மறைக்க ஒண்ணும் வைக்கலியாம்மா?" என்றார். இப்போது வைப்பதில்லை அக்கா என்றேன். அவரே கொக்கியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "நாளைக்கு இவனுக்குப் பிள்ளை வேண்டாமா? உன் பிள்ளையா இருந்தா சும்மா எடுப்பியா?"

எனக்கு எல்லாக் காரணமும் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில்தான் தெரியும். தமிழில் வாயைத் திறந்தால் "இப்ப தேவையில்லை அக்கா" என்பதைத் தாண்டி வரவில்லை. என்னோடு இருந்த ரேடியோகிராபர் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார், அந்த அம்மாவும் தலையாட்டினார். ஆனால் ஏப்ரனை என் கையில் திருப்பிக் கொடுத்தபோது என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. வேறு யாரையும்விடத் தமிழ் பேசுகிற என்னைத்தான் அவர் நம்பி வந்தார்.

அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019 ஏப்ரலில் இந்த வழக்கத்தை நிறுத்தலாம் என்றது, பிரிட்டனில் 2020-இல் வழிகாட்டுதல் வந்தது. ஈயத் துண்டு கொஞ்சம் நகர்ந்தால் எந்த எலும்பைப் பார்க்க வேண்டுமோ அதையே மறைத்துவிடும். அப்புறம் ரிப்பீட், அதாவது பிள்ளைக்கு இரண்டு மடங்கு. கதிர் அளவை மெஷினே முடிவு செய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர் போட்டிருந்தால், சென்சார் மேல் ஈயம் வரும்போது கதிர் பற்றவில்லை என்று நினைத்து மெஷின் இன்னும் அதிகமாகக் கொடுக்கும். உடம்புக்குள்ளேயே சிதறிப் போகும் கதிரை மேலே வைத்த ஈயம் தடுக்காது. முக்கியமாக, ஈயம் வைக்கும் வழக்கம் வந்த 1950-களில் இருந்த டோஸ் இன்று இல்லவே இல்லை. பையனை உண்மையில் காப்பாற்றுவது, வேண்டிய இடத்தில் மட்டும் கதிர் விழச் செய்யும் காலிமேஷனும் ஒரே ஷாட்டில் சரியாக எடுப்பதும்தான். "கட்டாயம்" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகள் நாளைக்கு அந்த அம்மாவிடம் அதையேதான் சொல்வார்கள்.


டார்க்ரூம்_காலம்

தம்பியோ தங்கச்சியோ, படித்தேன். ஆட்டோ எக்ஸ்போஷர் விஷயம் நியாயம், நான் வேலை பார்த்த இடத்தில் அது இல்லை. ஆனால் எங்கள் ஊர் பழைய மெஷின்களில் நான் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். ஒரு தாய் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

வைகைக்கரை தங்கச்சி, நீங்கள் சொன்னதை மறுபடி வாசித்தேன். சத்தமாகச் சொன்னது தப்புதான்.


காந்தக்கதவு

இன்டர்ன்ஷிப்பில் எம்ஆர்ஐ போஸ்டிங். 1.5 டெஸ்லா காந்தம். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் இருந்துகொண்டே இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவர் இறந்த செய்தியை முதல் நாளே சொல்லித்தான் எங்களை உள்ளே விட்டார்கள். அதனால் உலோகம் என்றால் நான் ரொம்பக் கறாராக இருந்தேன்.

அறுபது வயது அம்மா ஒருவர், பிரெய்ன் ஸ்கேன். கம்மல், மெட்டி, வளையல் எல்லாம் கழற்றிவிட்டார். தாலியைத் தொட்டதும் கையை அப்படியே வைத்துக்கொண்டார். தாலிச்சரடில் ஐந்து ஊக்கு தொங்கியது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் ஊக்கு பறக்கும். தங்கமும் உள்ளே போகக் கூடாது என்பதுதான் எங்கள் விதி. சீனியர், "நேரமாகுது, கழட்டச் சொல்லுப்பா" என்று சத்தம் போட்டார். அந்த அம்மா என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவரு மேல ஐசியூல இருக்காரு தம்பி. நான் எப்படிக் கழட்டுவேன்?"

அவரை உட்கார வைத்துவிட்டு, அடுத்த பேஷன்ட்டை அனுப்பச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி எதிரே பூக்கடையில் மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்தேன். அவரே முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சரடைக் கழற்றினார். லாக்கரில் வைக்கிறேன் என்றேன். "வேண்டாம், நீயே கையில வச்சிரு" என்றார்.

மெஷின் குழாய்க்குள், கேன்ட்ரிக்குள், அவர் இருந்த இருபத்தைந்து நிமிடமும் கன்சோல் ரூமில் கைக்குட்டையில் சுற்றிய அந்தச் சரடை வலது கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சீனியர் திட்டிக்கொண்டே இருந்தார், லிஸ்ட் தள்ளிப்போனது என் தப்புதான். மைக்கில் "அம்மா, இன்னும் ரெண்டு சீக்வென்ஸ்தான், அசையாம இருங்க" என்றபோது உள்ளிருந்து குரல் வந்தது:

"வச்சிருக்கியா தம்பி?"

"வச்சிருக்கேன்மா."