மறு: 'பூட் ஆகலை' – பூட்டா, துவக்கமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு மாவட்டம்):

வணக்கம். தமிழ்வழி எட்டாம் வகுப்புக்கு, மடிக்கணினிப் பழுது பற்றி ஒரு பக்கச் செயல்தாள் எழுதுகிறேன். திங்கட்கிழமை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். 'கிராஷ்' (ஓடும்போதே விழுவது), 'பூட்' (கணினி இயங்கத் தொடங்குவது) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்.

நேற்று ஒரு பையன் வந்து, "டீச்சர், லேப்டாப் பூட்டாகலை" என்றான். பக்கத்தில் நின்ற மலையாள வகுப்புப் பிள்ளை, "பூட்டியோ? தாக்கோல் எவிடெ?" (பூட்டிவிட்டதா? சாவி எங்கே?) என்று கேட்டது. எங்கள் ஊர் நிலைமை இதுதான்.

அந்த மடிக்கணினி பத்து நிமிடம் ஓடும், பட்டென்று அணையும். இப்போது அதுவும் இல்லை. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, மூன்று பீப்.

பொள்ளாச்சியிலிருந்து:

டீச்சர், பையன் சொன்னதே சொல். உண் – ஊட்டு, காண் – காட்டு, பூண் – பூட்டு. அச்சான பிறவினை. சித்திரையில் பொன்னேர் பூட்டாமல் உழவு ஏது? உங்கள் பாலக்காட்டிலேயே காளப்பூட்டு என்று காளைப் பந்தயம் உண்டே. ஆங்கிலத்தில் 'பூட்ஸ்ட்ராப்' என்பது காலணியை இழுத்து மாட்டும் வார். நுகத்தில் மாட்டைக் கட்டுவதும் வார்தான். ஆகவே, இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் 'நுகம்'. இரண்டு இயங்குதளம் இருந்தால் 'இரட்டை ஏர்'.

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, ஒலி ஒத்துப்போனால் வேர் ஆகிவிடுமா? இன்றைக்குப் பூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டுதான் நினைவுக்கு வரும். 'திரைப் பூட்டு' என்று கைப்பேசியில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 'பூட்டாகவில்லை' என்று அச்சடித்தால் பிள்ளை கடவுச்சொல்லைத் தேடும். 'துவக்கம்' போதும்.

யாழ்ப்பாணம், இப்போது டொரொண்டோ:

எங்கட ஊரில துவக்கு எண்டால் சுடுகிற சாமான். பார்த்துச் செய்யுங்கோ.

மீண்டும் பொள்ளாச்சி:

'துவக்கம்' கொச்சை, 'தொடக்கம்'தான் செம்மை. 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் 462-ஐ யாராவது எடுத்து நீட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: புதியன புகலாம், பிழையன புகலாமா?

செங்கோட்டையிலிருந்து (பழுது பார்க்கிற கடை):

அண்ணாச்சிமாரே, சொல்லு கெடக்கட்டும், முதல்ல ராமை, அதான் நினைவகப் பலகையை, கழத்துங்க.

டீச்சர், சார்ஜரை உருவிட்டு பேட்டரியை எடுங்க. கழத்த முடியாத பேட்டரின்னா, உள்ள இருக்கிற இணைப்பை உருவணும். அப்புறம் பவர் பட்டனை அரை நிமிசம் அழுத்திப் பிடிங்க, மிச்சக் கரண்டு வடியும். ராமோட ரெண்டு பக்கக் கிளிப்பை விலக்கினா அதுவே சாய்ஞ்சு எழும்பும். தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளை ஊதிட்டு, 'டக்'னு விழுற வரைக்கும் அழுத்துங்க. பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்ப சொல்லுக்கு வாரேன். சுவிட்சைப் போட்டதும் மிஷின் முதல்ல தன்னைத்தானே சோதிக்கும். அதுல ராம் தேறலைன்னாதான் பீப். அதுக்கப்புறம்தான் டிஸ்கிலிருந்து சிஸ்டம் ஏறும். உங்க மிஷின் அந்த வாசலுக்கே வரலை. ரெண்டையும் 'தொடங்கலை'ன்னு ஒரே சொல்லா எழுதினா பிள்ளைங்க டிஸ்கைத் தேடிட்டு இருக்கும். பத்து நிமிசத்துல அணைஞ்சதும் கிராஷ் இல்ல. விசிறியில தூசி அடைச்சா சூடு ஏறும். கருகிடக் கூடாதுன்னு மிஷின் தானே அணைச்சுக்கும். கிராஷ்ங்கிறது சிஸ்டம் விழுறது. கடையில 'படுத்துட்டு'ன்னு சொல்லுவோம்.

நாகர்கோவிலிலிருந்து:

'படுத்துட்டு' வேண்டாம், 'நிலைகுலைவு' என்று வைக்கலாம்.

யாழ்ப்பாணம், இப்போது டொரொண்டோ:

படுத்ததை எழுப்பலாம். நிலைகுலைந்ததை என்ன செய்யிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, ஞாயிறு இரவு:

ரப்பர் வேலை செய்தது. பீப் நின்றது, படம் வந்தது. விசிறிக்குள் விரல் கனத்துக்குத் தூசி.

செயல்தாளில் மூன்று வரி வைத்துவிட்டேன்: 'தன்சோதனையில் நின்றது', 'இயங்குதளம் தொடங்கவில்லை', 'சூட்டால் தானே அணைந்தது'. மலையாளத்திலும் 'துடங்ஙுக' இருப்பதால் இங்கே தொடங்குவதில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. கிராஷுக்கு நிலைகுலைவு மூன்று வாக்கு, படுத்தல் இரண்டு. நிலைகுலைவையே எழுதினேன், அரை மனதோடு.

பொள்ளாச்சியிலிருந்து:

பூட்டுக்கு என் ஒரு வாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தன்சோதனை' புணர்ச்சியில் எனக்கு ஐயம் உண்டு, நாளை எழுதுகிறேன்.