இன்செர்ட்டுக்கும் சென்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.
சனிக்கிழமை எங்கள் கல்லூரிக் கணினி அறையில் எல்எம்எம்எஸ் மென்பொருளில் இசைப்பதிவு வகுப்பு எடுக்கிறேன். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மெய்நிகர் இசைக்கருவி, செருகி (மென்பொருளோடு சேர்க்கும் பிளகின்), ஒலி விளைவு வரைக்கும் சிக்கலில்லை. கருவியின் ஒலியில் விளைவைச் சேர்க்க இருக்கும் இன்செர்ட், சென்ட் என்ற இரண்டு வழிகளுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல்தான் நின்றுவிட்டேன்.

இன்செர்ட்டில் கருவியின் ஒலி முழுவதும் விளைவுக்குள் புகுந்து வெளியே வருகிறது. சென்டில் ஒலி தன் வழியே போக, அதன் நகல் மட்டும் நாம் குமிழைத் திருப்பும் அளவுக்கு ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் வேறொரு தடத்துக்குப் போகிறது. ஆறு கருவிக்கும் தனித்தனியாக ரிவெர்ப் (கூடத்தில் கேட்பதுபோல ஒலியை நீளவைக்கும் விளைவு) போட்டால் எங்கள் பழைய கணினிகள் திணறும். பொதுத் தடத்தில் ஒன்றே ஒன்றை வைத்து ஆறையும் அங்கே அனுப்பினால் போதும். இதை எந்தச் சொல்லில் சொல்வது?
– க.

க. அவர்களுக்கு,
இன்செர்ட் என்பதற்கு ‘இடைச்செருகல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழைய பாட்டில் பின்னால் வந்தவர் நுழைத்த அடியைச் சொல்லும் சொல் அது. கேட்டதும் குற்றம் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது ‘சாரியை’. மரம், ஐ இரண்டுக்கும் நடுவே அத்து வந்து ‘மரத்தை’ ஆகிறதல்லவா? கருவிக்கும் வெளியீட்டுக்கும் நடுவே நிற்கும் விளைவும் அப்படித்தான்.
– ந.

ந. ஐயாவுக்கு வணக்கம்.
சாரியை அழகு. ஆனால் மாணவருக்கு முதலில் புணர்ச்சி நடத்த வேண்டிவரும். பொருளும் சற்று விலகுகிறது. அத்து இருந்தாலும் மரம் மரம்தான். ஒலியோ விளைவைத் தாண்டும்போது ஆளே மாறிவிடுகிறது. வரிசையும் முக்கியம். முதலில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், அப்புறம் ரிவெர்ப் என்றால் கரகரப்பான கிடார் ஒரு கூடத்தில் ஒலிக்கும். மாற்றிப் போட்டால் கூடமே கரகரக்கும்.

வெறும் ‘செருகல்’ என்பதும் ஆகாது. 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற செருகி முறையைக் கொண்டுவந்தபோது விளைவுகள்தான் செருகிகளாக இருந்தன. 1999இல் இசைக்கருவிகளும் செருகிகளாயின. இன்றைக்குக் கருவியும் செருகி, விளைவும் செருகி. சேர்க்கும் முறைக்கும் செருகல் என்றால் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? ‘ஊடுவழி’ என்கிறேன். சென்டுக்கு ‘கிளைவழி’. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற மாதிரி.
– ம.

ம. அக்கா,
ஊடுவழிக்குச் சரி. கிளைவழிக்கு மறுப்பு. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் ஆற்றில் குறையும். சென்ட் குமிழை எவ்வளவு திருப்பினாலும் மூல ஒலி குறைவதில்லை. மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமே அதுதான். ‘படிவழி’ என்று வைக்கலாம். படி என்றால் நகல். ஏட்டுப்படி, கையெழுத்துப்படி என்கிறோமே. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாங்கள் சென்ட் என்றுதான் சொல்கிறோம். அதையே எழுதினாலும் வானம் இடிந்து விழாது.
– த.

தம்பி,
கூடத்தில் சொல்வதையே குறிப்பிலும் எழுதினால் தமிழ்க்குறிப்பு எதற்கு? படிவழி எனக்கு உடன்பாடு. படியளப்பதும் படிதானே, அளவு என்ற பொருளும் கூடவே வருகிறது.
– ந.

படிவழி என்றதும் மாடிப்படிதான் நினைவுக்கு வருகிறது, ஐயா. முதலாண்டு மாணவருக்கும் அதுதான் வரும்.
– ம.

இடையில் ஒன்று. விளைவின் குமிழில் விளைவு சேர்ந்த ஒலிக்கு வெட், சேராத ஒலிக்கு டிரை என்று இருக்கிறதே, அதை ‘ஈரம், உலர்வு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?
– க.

கூடாது. குறளில் ஈரம் என்றால் அன்பு. ‘தோய்ந்த ஒலி, தோயாத ஒலி’ என்று எழுதுங்கள். சாயத்தில் துணி தோய்வதுபோல விளைவில் ஒலி தோய்கிறது. ரிவெர்ப்புக்கும் பள்ளிப் பாடத்திலேயே ‘எதிர்முழக்கம்’ இருக்கிறது. எதிரொலி தனியாகத் திரும்பிக் கேட்பது. எதிர்முழக்கம் ஒன்றன்மேல் ஒன்று கலந்து நீள்வது. ‘சிலம்பல்’ என்றும் ஆளலாம், மலை சிலம்பியது என்பார்கள்.
– ந.

தோய்ந்த, தோயாத இரண்டும் அருமை. சிலம்பல் வேண்டாம் ஐயா, சிலம்பாட்டம் என்று நினைப்பார்கள்.
– ம.

நேரமாகிவிட்டது. ஊடுவழி, தோய்ந்த, தோயாத, எதிர்முழக்கம் நான்கும் அச்சுக்குப் போகின்றன. சென்டுக்கு மூன்று பேர் தனிமடலில் கிளைவழியைக் கேட்டதால் அதையே வைத்து, ‘மூல ஒலி குறையாது’ என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன்.
– க.

அந்த வரி தேவைப்படுகிறது என்றாலே சொல் பொருந்தவில்லை என்றுதான் பொருள், ஐயா. அடுத்த பதிப்பில் படிவழியை மறுபடி கேட்பேன்.
– த.