கண்ணாடிக்குள் முளைத்த அறை: டர்டில்பாட் அனுபவங்கள்

ரோபோட்டிக்ஸ் கற்க உதவும் சிறு சக்கர ரோபோவான டர்டில்பாட் வாங்கலாமா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது டர்டில்பாட்3-இன் 'பர்கர்' என்ற மாடல். கொரியாவின் ரோபோட்டிஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. எடை ஒரு கிலோ. மென்பொருள், பாகங்களின் வடிவக் கோப்புகள் எல்லாமே திறந்தவை. ஒரு தட்டு உடைந்தபோது கோப்பை இறக்கி முப்பரிமாண அச்சில் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் உயர்நிலை 2 படிக்கும் மகளும் நானும் எங்கள் சிங்கப்பூர் ஈசூன் வீட்டை அதை வைத்து வரைபடமாக்கினோம். தலையில் சுழலும் லைடார் என்ற லேசர் தூரமானி நொடிக்கு 5 சுற்று சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் 360 திசைகளில் தூரம் அளக்கும். சக்கரம் உருண்ட கணக்கோடு அதைச் சேர்த்து, சுவர் எங்கே, தான் எங்கே என்று ஒரே நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் ஸ்லாம்.

கூடமும் சமையலறையும் அழகாக வந்தன. பெரிய படுக்கையறைக்குள் போனதும் சுவருக்கு அப்பால் இன்னோர் அறை முளைத்தது! அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல மூணு ரூம்தானே, இது யாரோடது?" என்றார். இரவு 11 மணிவரை செட்டிங்குகளை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மகள்தான் தரையில் படுத்து ரோபோவின் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "அப்பா, அலமாரிக் கண்ணாடி!"

லேசர் கண்ணாடியில் திரும்பிப் போய்க் கட்டில் காலில் பட்டு, வந்த வழியே மீண்டிருக்கிறது. ஒளி திரும்பியது ரோபோவுக்குத் தெரியாது. கட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாகக் கணக்குப் போட்டுவிட்டது. தரையிலிருந்து 18 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது லைடார் பார்க்கும் மட்டத்தில், பழைய தமிழ் முரசுத் தாளைப் பட்டையாக ஒட்டினோம். மறுபடி ஓட்டியதும் அந்த அறை காணாமல் போனது. மகள் குதித்தாள். எனக்கும் அந்த இரவு மறக்காது.

அதே மட்டத்துக்குக் கீழே இருப்பது எதுவும் அதன் கண்ணில் படாது. தாழ்வாரத்தில் கிடந்த செருப்பில் ஏறி, ஒரு சக்கரம் காற்றில் சுற்ற, ஓடிக்கொண்டிருப்பதாகவே அது நினைத்தது. வரைபடம் அப்படியே கோணிவிட்டது.

வாங்கும் முன் கஸீபோ என்ற கணினிப் பாவனை மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள், செலவில்லை. ஆனால் அதன் மாதிரி வீட்டில் இப்படிச் செருப்பு கிடக்காது. முடிந்தால் நிஜ ரோபோவைத் தொட்டுப் பாருங்கள் என்பேன்.

---

அண்ணா, இதைப் படித்ததும் எங்கள் ஆய்வகத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். ஆறு குழு, ஆறு பர்கர், ஒரே வைஃபை. நான் விசைப்பலகையில் முன்னே போ என்றேன். ஆறும் நகர்ந்தன! மேசைமேல் நின்ற ஒன்று விளிம்பை நோக்கிப் போனது. அதன் உச்ச வேகமே நொடிக்கு 22 சென்டிமீட்டர்தான், அதனால் ஓடிப்போய்ப் பிடிக்க முடிந்தது.

காரணம் டொமைன் ஐடி என்ற எண். ரோபோவை இயக்கும் ரோஸ் 2 மென்பொருளில் ஒரே வலையில் ஒரே எண் வைத்திருப்பவை எல்லாம் ஒன்றின் கட்டளையை மற்றொன்று கேட்கும். கையேட்டில் எடுத்துக்காட்டாக 30 என்று போட்டிருக்கிறது. ஆறு குழுவும் அதை அப்படியே தட்டியிருந்தோம்.

இப்போது ஒவ்வொரு ரோபோவின் முதுகிலும் டேப் ஒட்டி அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். 30 யாருக்கும் கிடையாது.